வளர இடம் விட்டு வாங்கிய சைக்கிள்

தையல்காரர் காலமானபோது கடையில் தைத்து முடித்த பள்ளிச் சீருடைகள் ஒரு கம்பி நிறையத் தொங்கின. அவர் மனைவி ஒவ்வொன்றாக இறக்கி உரியவர்களிடம் கொடுத்தாள். எல்லாமே போடப்போகும் பிள்ளையைவிட ஒரு சுற்றுப் பெரியவை. யாரும் குறை சொல்லவில்லை. அவர் தைக்கும் சட்டை அப்படித்தான் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று சொல்லித்தான் சட்டையைக் கையில் கொடுப்பார். பள்ளி திறக்கிற அன்று பிள்ளைக்குக் கை நகம் தெரியாது. ஆண்டு முடியும்போது மணிக்கட்டு வெளியே எட்டிப் பார்க்கும். நடுவில் ஏதோ ஒரு மாதம் சட்டை கச்சிதமாக இருக்கும். அந்த மாதத்தை யாரும் கவனிப்பதில்லை. கால்சட்டையின் கீழ்மடிப்புக்குள் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி ஒளிந்திருக்கும். பெற்றவர்களுக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அந்த இரண்டு விரல் துணிதான் காரணம். பிள்ளைகள் அவருக்கு 'அடுத்த வருஷம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "அடுத்த வருஷம் இன்னிக்குக் கடை திறக்கலையா?" என்று தெருவில் ஒரு பொடியன் கேட்டால் கேட்பவர்களுக்குக் குழப்பமே வராது.

வீட்டின் முன்னறைதான் கடை. வாசலைப் பார்த்து அவருடைய மிஷின். உள்ளே சுவரோரம் மனைவியின் நாற்காலி. காஜா எடுப்பது, பொத்தான் வைப்பது, மடிப்படிப்பது எல்லாம் அவள் கை. இருவரும் பேசிக்கொள்ள மிஷின் நிற்க வேண்டும். பெரும்பாலும் நிற்காது. அதனால் அவள் சொல்ல நினைப்பதைச் சேர்த்து வைத்து, அவர் நூல் மாற்றும் நேரத்தில் மொத்தமாகக் கொட்டுவாள். ஒரே மகள். வெளியூரில், பம்பு செய்யும் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பொறியாளர். அப்பாவைவிட அரைச் சாண் உயரம். வார இறுதியில் வருவாள்.

கடைக்கு எதிரே டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஒரு சைக்கிள் கும்பல் அங்கே கூடும். வளைந்த கொம்பு மாதிரிக் கைப்பிடி, மெல்லிய சக்கரம், உடம்போடு ஒட்டிய உடுப்பு. பல் டாக்டரம்மா ஒருவர்தான் தலைவி. ஒரு நாள் அவருடைய மேல்சட்டையில் முதுகுப் பக்கம் இருந்த பை கிழிந்து தொங்கியது. தையல்காரர் ஷட்டரைப் பாதி தூக்கி, நின்றபடியே தைத்துக் கொடுத்தார். டாக்டரம்மா உடுப்பை மாட்டும்வரை அவர் சைக்கிளைத் தையல்காரர் பிடித்துக்கொண்டிருந்தார். சும்மா தூக்கிப் பார்த்தார். இரண்டு விரலில் தூக்க வந்தது. ஒரு நல்ல கம்பளிக் கோட்டுக்கு மேல் கனம் இருக்காது என்று தோன்றியது. இளவயதில் துணிக்கட்டு ஏற்றிக்கொண்டு பழைய இரும்புச் சைக்கிளை மிதித்தவர் அவர். அன்று முழுக்க ஊசி ஓரிடம் போனது, மனசு ஓரிடம் போனது.

அடுத்த வாரமே சைக்கிள் கடைக்குப் போய்விட்டார். சைக்கிள் கடைக்காரர் அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, சுவரோடு முதுகை ஒட்டி நிறுத்தி, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கிடையே கொடுத்து மேலே அழுத்திப் பிடிக்கச் சொன்னார். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரைக்கும் உயரம் எடுத்தால் ஃபிரேம் அளவு கிடைத்துவிடும். தையல்காரர் கடைக்காரரின் இரும்பு டேப்பை நம்பவில்லை. கழுத்திலிருந்த தன் டேப்பைக் கொடுத்தார். இரண்டும் ஒரே அளவைத்தான் சொன்னன.

"ஐம்பத்திரண்டு சைஸ், மாஸ்டர். உங்களுக்கு அதுதான்."

தையல்காரர் ஸ்டாண்டில் நின்ற கருநீலச் சைக்கிளைப் பார்த்தார். "இது என்ன சைஸ்?"

"ஐம்பத்தாறு. உங்களுக்கு ரெண்டு சைஸ் பெருசு."

"அதையே கொடுங்க."

"மாஸ்டர், பெருசுங்கறேன்."

"பெருசா இருந்தா குறைச்சுக்கலாம். சின்னதா வாங்கிட்டா, விட்டுக் கொடுக்கத் துணி எங்க இருக்கு?"

சைக்கிள் கடைக்காரர் தன் சட்டைக் கையைக் காட்டினார். முழங்கை வரை சுருட்டி விட்டிருந்தது. "இது நீங்க தைச்சது. வாங்குன நாள்லேருந்து சுருட்டித்தான் போடுறேன். சைக்கிளை எப்படி மாஸ்டர் சுருட்டுவீங்க?"

தையல்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கைப்பிடியை ஃபிரேமோடு சேர்க்கும் குட்டைத் துண்டுக்கு ஸ்டெம் என்று பெயர், அது பல நீளத்தில் கிடைக்கும், சீட்டை ஏற்றலாம், இறக்கலாம், முன்னும் பின்னும் தள்ளலாம் என்று அவர் ஏற்கெனவே டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார். இத்தனை இடத்தில் பிடிக்கவும் விடவும் வசதி இருக்கும்போது பயம் எதற்கு? கடைக்காரர் பேசிப் பார்த்து ஓய்ந்துபோய், உங்க இஷ்டம் என்று இரும்பு டேப்பைப் பெட்டிக்குள் போட்டார்.

வீட்டில் மனைவி சைக்கிளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி சைக்கிளைப் பார்த்தாள். "ஏங்க, உங்களுக்கு இனிமே வயசு ஏறும். உயரம் ஏறாது."

அவர் நூல் மாற்றிக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. தரமான சாமானைத் தாராளமாகத்தான் வாங்க வேண்டும் என்றார்.

முதல் ஞாயிறு, மேல் அலமாரியிலிருந்து துணிக்கட்டை எட்டி எடுப்பவர்போல் உடம்பை நீட்டிக்கொண்டு ஓட்டினார். நிற்க வேண்டிய இடமெல்லாம் சிக்கல். கால் தரையில் முழுசாகப் படாது. நடைபாதைக் கல் இருக்கிற இடமாகப் பார்த்து ஒதுங்குவார். சிக்னலில் மற்றவர்கள் நிற்க, அவர் மட்டும் ஓரத்துக்குப் போய்க் கல்லில் கால் வைத்து நிற்பார். கும்பல் அவருக்காகவே ஓரமாக நிற்கப் பழகிவிட்டது.

இருந்தும் அந்த ஞாயிறுகள் அவருக்கு வேறு மாதிரி இருந்தன. அணைக்கட்டு வரை போவார்கள். மதகுச் சுவரில் உட்கார்ந்து டீ. வங்கிக் கேஷியர் ஒருவர் தன் மேலதிகாரியைப் போல் நடித்துக் காட்டுவார். தையல்காரர் ஒரு நாள், அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளிழுத்துக்கொள்ளும் வாடிக்கையாளர்களை நடித்துக் காட்டினார். டாக்டரம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து டீ புரையேறியது. தான் நாலு பேரைச் சிரிக்க வைக்கக்கூடிய ஆள் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. வாழ்நாளெல்லாம் அவர் சந்தித்தவர்கள் கக்கத்தில் துணியோடு வந்தவர்கள், போகும்போது "எப்போ கிடைக்கும்?" என்று கேட்டவர்கள். மதகுச் சுவரில் யாரும் அவரை எப்போ கிடைக்கும் என்று கேட்கவில்லை.

வினை விரலில் வந்தது.

ஒரு திங்கட்கிழமை வெள்ளைச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். மனைவி திடீரென்று எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். சுண்டு விரலில் குண்டூசி நின்றுகொண்டிருந்தது. காலரில் சிவப்பாக ஒரு பொட்டு. அவருக்கு வலிக்கவே இல்லை.

"எத்தனை நாளா?" என்றாள்.

"இப்பத்தான்."

"என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் காலரைப் பார்த்தார். சில வாரங்களாகவே சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்துக் கிடந்தன. ஞாயிறு சைக்கிளில் திரும்பும்போதே தொடங்கும், செவ்வாய் வரை இழுக்கும். மிஷினுக்கடியில் துணியின் ஓரத்தை வழிநடத்துவது அந்த இரண்டு விரல்கள்தான். அவை தூங்கினால் தையல் கோணும். கோணிய தையலை அவள் உள்ளே உட்கார்ந்து சத்தமில்லாமல் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதை அன்றுதான் சொன்னாள். பள்ளி திறக்கும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. துணிக்கட்டுகள் கூரையைத் தொட்டன.

தீர்ப்பு அன்றைக்கே வந்துவிட்டது. பள்ளி திறப்பதற்குள் விரல் சரியாக வேண்டும். ஆகாவிட்டால் சைக்கிளை விற்றுவிட வேண்டும். மிஷினில் உட்கார்ந்தால்தான் சோறு, சைக்கிளில் உட்கார்ந்தால் காற்று என்றாள். அவள் சொன்னதில் பிடித்து இழுக்க ஒரு நூல்கூட இல்லை.

ஆனால் ஆல்டர் பண்ண முடியாத ஒன்றை அவர் அதுவரை பார்த்ததில்லை. குட்டை ஸ்டெம் போட்டார். கை கொஞ்சம் தளர்ந்தது, விரல் மாறவில்லை. அதைவிடக் குட்டையாக ஒன்று போட்டார். கைப்பிடி இப்போது தொட்டால் திரும்பியது. ஒரு வளைவில் கேஷியரின் பின்சக்கரத்தை முத்தமிடப் பார்த்தது. கைப்பிடிக்கடியில் வளையங்கள் அடுக்கி உயர்த்தினார். சீட்டை முன்னால் தள்ளினார். இன்னும் தள்ளினார். இப்போது முழங்கால் வலித்தது.

மகள் வந்த சனிக்கிழமை, அவரைச் சைக்கிளோடு கடை நடுவில் நிறுத்தினாள். அம்மாவைப் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். சுவரில் ஒரு கறுப்புத் துணியை மாட்டி, அப்பாவின் தையல் சாக்கட்டியால் அதில் புள்ளி வைத்தாள்: தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு.

"துணியை வீணாக்காதே கண்ணு."

"உங்க சாக்கட்டிதானேப்பா, தட்டினா போயிடும். அசையாதீங்க."

"மூச்சு விடலாமா?"

"கம்மியா விடுங்க."

ஒரு நூலில் நட்டைக் கட்டி, அவர் முழங்காலிலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தாள். நட்டு பெடல் அச்சைத் தாண்டி முன்னால் தொங்கியது. புள்ளிகளைக் கோடிட்டுச் சேர்த்தாள். இடுப்புக்கும் கைக்கும் நடுவே எட்ட வேண்டிய தூரம் உடம்பின் நீளத்தை மீறி நின்றது. எட்டுவதற்காக அவர் முன்னால் சரிகிறார், உடம்பின் பாரம் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் இறங்குகிறது, அங்கே ஓடும் நரம்பு நசுங்குகிறது, சுண்டு விரல் தூங்கிப்போகிறது. இவ்வளவையும் அவள் நாலே வாக்கியத்தில் சொன்னாள். அவளுக்குப் பேச்சு எப்போதும் சிக்கனம்.

"ஃபிரேம் பெருசுப்பா."

"குறைச்சுடலாம்."

"எதை?"

அவர் ஸ்டெம்மைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், சக்கரத்தைக்கூடப் பார்த்தார். பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி, தனக்குக் கை வலிக்கிறது, ஆராய்ச்சி முடிந்தால் சொல்லுங்கள் என்றாள். இன்னும் ஒரு ஸ்டெம் போட்டுப் பார்க்கலாம் என்று இறங்கினார். மகள் சாக்கட்டிப் பொடியைத் தட்டிவிட்டுத் துணியை மடித்து வைத்தாள்.

திங்கட்கிழமை ஒரு வாலிபன் வந்தான். வேலைக்கான நேர்காணலுக்குக் கடையில் ரெடிமேடாக வாங்கிய கோட். போட்டுக் காட்டினான். கோட்டுக்குள் ஆள் தேட வேண்டியிருந்தது. கையை மட்டும் குறைத்துக் கொடுங்கள் என்றான்.

தையல்காரர் அவனைத் திருப்பித் தோளைத் தொட்டுப் பார்த்தார். அளவெடுக்கக்கூட இல்லை. "தம்பி, கை பிரச்சனை இல்ல. தோள் உன் தோளைத் தாண்டி இறங்கி நிக்குது. தோள் தப்பா இருந்தா கையில என்ன பண்ணினாலும் நிக்காது. கையைப் பிடிச்சா அக்குள்ல இழுக்கும், அக்குளை விட்டா முதுகுல தொங்கும். வீண் வேலை. திருப்பிக் கொடுத்துட்டு உன் தோளுக்கு ஏத்தது வாங்கிக்க."

கடைக்குள் மிஷின் சத்தம் இல்லை. பின்னாலிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது. "நல்லாச் சொன்னீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரையே பார்த்துக்கொண்டு பொத்தானுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். வாலிபனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்போதே போய்த் திருப்பிவிடவா என்று கேட்டான்.

"இரு, நானும் அந்தப் பக்கம்தான் வர்றேன்" என்று தையல்காரர் டேப்பைக் கழற்றி மேசையில் வைத்தார்.

கருநீலச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் வந்தவரைப் பார்த்ததும் சைக்கிள் கடைக்காரர் அடுத்த ஸ்டெம்மை எடுக்கத் திரும்பினார். வேண்டாம், ஐம்பத்திரண்டு இருக்கிறதா என்று கேட்டார் தையல்காரர். கடைக்காரர் ஸ்டெம்மை மெதுவாகக் கீழே வைத்தார். நியாயமாகப் பார்த்தால் சுருட்டிய சட்டைக் கையை ஒருமுறை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஐம்பத்திரண்டில் ஒரே ஒரு ஃபிரேம்தான் இருக்கிறது, ஆனால் நிறம் ஒரு மாதிரி என்றார்.

நிறம் ரோஸ். பல்பொடி ரோஸ் இல்லை. இருட்டில் போனாலும் எதிரே வருகிறவன் கண்ணைக் கசக்குகிற ரோஸ்.

"சாயம் போகுமா?" என்று கேட்டார் தையல்காரர்.

"ஜென்மத்துக்கும் போகாது."

சக்கரம், பெடல், பிரேக் எல்லாம் பழையதிலிருந்து கழன்று ரோஸுக்கு மாறின. கைப்பிடிதான் பாக்கி. அதன் அகலம் தோளின் அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும், உங்கள் தோள் எவ்வளவு என்று கடைக்காரர் கேட்டார். தன் சட்டைத் தோள் அளவு தூக்கத்திலும் நாக்கு நுனியில் இருக்கும் மனிதர். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார்.

"சட்டைத் தோளா, எலும்புத் தோளா?"

கடைக்காரர் முகம் மலர்ந்தது. "எலும்பு, மாஸ்டர். எலும்பு."

சட்டைத் தோளில் அசைய இடம் விட்டிருக்கும்; எலும்பில் ஒரு நூல்கூட விட முடியாது. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, தோள்முனை எலும்பு இரண்டையும் தானே தொட்டுக் காட்டி அளக்கச் சொன்னார். பழைய கைப்பிடியைவிட இரண்டு விரல் குறுகலாக ஒன்று வந்தது.

பிறகு டிரையல். பிறத்தியாருக்கு டிரையல் பார்த்தே பழகிய மனிதர், போட்டுக்கொள்ளும் பக்கம் நின்றது அன்றுதான். சீட் ஒரு நூல் மேலே. பெடல் கீழே போகும்போது இடுப்பு ஆடுகிறது, ஒரு நூல் கீழே. கைப்பிடியின் கொம்பு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது, மணிக்கட்டு மடிந்தது. அதை மேல்நோக்கித் திருப்பி, பிரேக் பிடியை விரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். இங்கே கொஞ்சம் பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். இல்லை, அங்கே. இல்லை, முதலில் இருந்ததே தேவலை. கடைக்காரர் ஸ்பேனரோடு நாலு முறை குனிந்து நாலு முறை நிமிர்ந்தார்.

"மாஸ்டர், போட்டுப் பழகினா சரியாயிடும்."

அது தையல்காரர் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிற வாக்கியம். எழுத்துக்கு எழுத்து அதே. சிரித்துக்கொண்டே இறங்கினார்.

வெற்று ஐம்பத்தாறு ஃபிரேமை வீட்டுக்கு எடுத்து வந்து, சீருடைகள் தொங்கும் கம்பியில் மாட்டினார். மகள் வந்து பார்த்தபோது, இது உனக்காகத்தான் வாங்கினேன் என்றார்.

"எப்போ முடிவு பண்ணினீங்க?"

"வாங்கும்போதே."

"பொய்" என்றாள் மனைவி, நூல் மாற்றும் நேரத்துக்குக்கூடக் காத்திராமல்.

அவர் மகளைச் சுவரோடு நிறுத்தி, தடித்த புத்தகம் கேட்டார். அவளுடைய பழைய பாடப்புத்தகம் ஒன்று கிடைத்தது. அளந்தார். ஐம்பத்தாறுக்கு அச்சில் வார்த்த மாதிரி. ஒரு நூல் விடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. அவருக்கு வந்த பெருமையைப் பார்த்தால் அவர் சொன்னது நிஜம்தானோ என்று சந்தேகம் வரும். மகள் தன் செலவில் சக்கரமும் மற்றதும் போட்டுக்கொண்டாள். வாரம் ஒரு முறை அணைக்கட்டுக்கு அவர் பின்னால் போனாள். தூரத்திலிருந்தே ரோஸ் தெரியும். வழி தவற முடியாது. அவர் இல்லாத இப்போதும் அவள் போகிறாள். முன்னால் சாலை மட்டும் இருக்கிறது. கைப்பிடி சரியாகத்தான் இருக்கிறது.

ரோஸ் சைக்கிளில் அவர் முதன்முறை அணைக்கட்டுக்குப் போய்த் திரும்பிய ஞாயிறு, பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறாக இருந்தது. போகும்போது சிக்னலில் கும்பல் வழக்கம்போல் ஓரமாக ஒதுங்கியது. அவர் மட்டும் நடுவில் நின்றார், இரண்டு காலும் தரையில். வாங்க வாங்க என்று கையசைத்தார்.

வீட்டு வாசலில் மனைவி காத்திருந்தாள். குளிக்கக்கூட விடவில்லை. நாற்காலியில் உட்கார வைத்தாள். கண்ணை மூடச் சொன்னாள். மடியில் வெட்டுத்துணிகள் வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக அவர் சுண்டு விரலுக்கடியில் தள்ளினாள். வேறு விரல் படக்கூடாது என்பது நிபந்தனை; படாமலிருக்க மற்ற விரல்களைத் தானே மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இது?"

"பருத்தி. கஞ்சி போட்டது."

"இது?"

"கலப்பு. பெரிய பள்ளிக்கூடத்துப் பாவாடைத் துணி."

"இது?"

"அதே துணி. பின்பக்கம். என்னை ஏமாத்தப் பாக்கிற."

சற்று நேரம் எதுவும் வரவில்லை. பிறகு சொரசொரப்பாக, சின்னதாக, சூடாக ஒன்று வந்து விரலுக்கடியில் நின்றது. அவர் அவசரப்படவில்லை. நன்றாகத் தடவிப் பார்த்தார்.

"இது துணி இல்ல. ஊசி குத்திக் குத்தித் தடிச்சுப்போன விரல். வலது கை, நடு விரல்."

அவள் விரலை எடுக்கவில்லை. "இடது கை" என்றாள்.

"வலது. பந்தயம்?"

கண்ணைத் திறந்து பார்த்தார். வலதுதான். அவள் வெட்டுத்துணிகளை மடியிலிருந்து உதறிவிட்டு எழுந்தாள். ஞாயிற்றுக்கிழமை போய்க்கொள்ளுங்கள் என்று முதுகைக் காட்டியபடியே சொன்னாள். "ஆனா அந்த ரோஸை வாசல்ல நிறுத்தாதீங்க. கல்யாணத்துக்குப் பந்தல் போட்டிருக்கான்னு நாலு பேர் கேட்டாச்சு."

அவர் சைக்கிளை உள்ளே தூக்கிக்கொண்டு வந்து மிஷினுக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, பாபினில் நூலைச் சுற்ற ஆரம்பித்தார்.